கேள்வி கேட்பவர் யார்? நாடாளுமன்ற நடத்தை நெறிக் குழுவுக்கு டாட்டன் வாக்காளர் ஒருவரின் திறந்த மடல்

பிரிட்டன் மக்களவையின் நடத்தை நெறிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

நான் செஷயரில் உள்ள டாட்டன் தொகுதியின் வாக்காளன். வில்ம்ஸ்லோவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். இம்மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அஞ்சலில் வருகிறது. தமிழிலும் இதை வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில் இந்நாட்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இங்கே வாழும் தமிழர் பலருக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கைப் பெற்றுச் செல்பவர் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பற்றி நம் மொழியில் எழுதப்படுவது மிகக் குறைவு. 1997 மே 1ஆம் தேதி நான் இந்நாட்டில் முதன்முறையாக வாக்களித்தபோது என்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டுதான். அன்று நான் வாக்களித்தவர் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர்.

எங்கள் தொகுதிக்கு ஒரு விநோத வரலாறு வாய்த்திருக்கிறது. 1997க்குப் பின் அடுத்தடுத்து எங்களுக்கு உறுப்பினராக வந்த மூவருமே ஊடகத்தோடு பிணைந்தவர்கள். முதலாமவர் செய்தியாளராக இருந்து உறுப்பினரானார். இரண்டாமவர் உறுப்பினராக இருக்கும்போதே ஒரு நாளிதழின் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். மூன்றாமவர் தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்து உறுப்பினராகி, உறுப்பினராக இருந்துகொண்டே மீண்டும் தொகுப்பாளரானார். இம்மூன்று கதைகளையும் ஒரே வாசற்படியிலிருந்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

மார்ட்டின் பெல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் உங்களுக்கு அந்நியர் அல்லர். இன்றைய உங்கள் குழுவுக்கு முன்னோடியாக இருந்த நடத்தை நெறிகள் மற்றும் உரிமைகள் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். 1962இல் நாரிச் நகரில் பிபிசியில் சேர்ந்தவர். வியட்நாம், நைஜீரியா, அங்கோலா, வட அயர்லாந்து என்று போர் நடந்த இடமெல்லாம் சென்றவர். டைம்ஸ் நாளிதழின் முதல் குறுக்கெழுத்துப் புதிரை அமைத்தவரின் மகன் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. கேள்வியை ஒழுங்காக அமைப்பது அந்தக் குடும்பத்துக்குப் பழகிய தொழில் போலும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வேலை முடிந்து வீடு திரும்பி, சோற்றுத் தட்டோடு ஒன்பது மணிச் செய்தியின் முன் உட்காரும்போது, போஸ்னியாவிலிருந்து வெள்ளை உடையில் நின்று பேசுவார். என் ஆங்கிலம் அப்போது அலுவலகத்துக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. அவர் பேசியது மட்டும் எனக்கு முழுதாகப் புரிந்தது, ஏனென்றால் வாக்கியங்கள் சிறியவை, அவற்றில் அலங்காரம் இல்லை. 1992இல் சரயேவோவில் கேமரா முன் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டுச் சிதறல் தாக்கி விழுந்ததையும் அதே திரையில்தான் பார்த்தோம். அந்தப் போரில் ஐநா படையின் பகுதியாக நின்ற பிரிட்டிஷ் துருப்புகளில் எங்கள் மாவட்டத்தின் செஷயர் ரெஜிமெண்டும் ஒன்று. அவர்களைப் பற்றி அவர் அனுப்பிய செய்திகளை எங்கள் தெருவில் தம் பிள்ளைகளைப் பற்றிய கடிதங்களைப் போலக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

அவர் எங்கள் தொகுதிக்கு வந்த காரணம் உங்கள் குழு இயங்குவதற்கான காரணத்தோடு ஒன்றுபட்டது. மக்களவையில் கேள்வி கேட்பதற்கு உறுப்பினர்கள் பணம் பெற்றதாக எழுந்த விவகாரம் 1994இல் வெடித்தது. அதன் விளைவாகத்தான் பொதுவாழ்வில் இருப்பவர்களின் நடத்தையை ஆராயும் நோலன் குழு அமைக்கப்பட்டது, பொதுவாழ்வின் ஏழு நெறிகள் வகுக்கப்பட்டன, நடத்தை நெறி ஆணையர் என்ற பதவியே உருவானது. அந்த விவகாரத்தில் லண்டனின் ஹாரட்ஸ் கடை உரிமையாளரிடம் பணம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் எங்கள் அன்றைய உறுப்பினர் நீல் ஹாமில்டன். அவர் அதை எப்போதும் மறுத்தே வந்தார். 1997 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி அவரையே மீண்டும் நிறுத்தியபோது, தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் தம் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டு, பிபிசியை விட்டு விலகி வந்த பெல்லுக்கு வழிவிட்டன.

நட்ஸ்ஃபர்ட் ஹீத் என்ற திறந்தவெளியில் அவர் செய்தியாளர்களைச் சந்தித்த அந்த ஏப்ரல் நாளை இந்நாட்டில் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஹாமில்டனும் அவர் மனைவி கிறிஸ்டீனும் அழையாமலே அங்கே நடந்து வந்து, கேமராக்களின் நடுவே பெல்லை எதிர்கொண்டார்கள். என் கணவர் குற்றமற்றவர் என்பதை ஏற்கிறீர்களா என்று கிறிஸ்டீன் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டு பிறரைக் கேள்வி கேட்டே பழகியவர் அன்று தடுமாறினார். குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் குற்றமற்றவரே என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மாலைச் செய்தியில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது, ஐயோ, இவர் தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன். பின்னால் யோசித்தபோதுதான் அங்கே நடந்தது என்னவென்று பிடிபட்டது. கேள்வி கேட்கும் பக்கத்திலிருந்து பதில் சொல்லும் பக்கத்துக்கு ஒரு மனிதர் எங்கள் கண் முன்னே இடம் மாறியிருந்தார். ஒலிவாங்கி இப்போது அடுத்தவர் கையில் இருந்தது. அவர் அதைப் பிடுங்கவில்லை.

வாக்குச் சாவடி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தது. வேட்பாளர் பட்டியல் நீளமாக இருந்தது. விளையாட்டுக்கு நின்றவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. கயிற்றில் கட்டிய பென்சிலை எடுத்துச் சுயேச்சை என்ற சொல்லுக்கு நேரே குறியிட்டேன். எண்ணி முடித்தபோது பெல்லுக்கு 29,354 வாக்குகள், ஹாமில்டனுக்கு 18,277, வித்தியாசம் 11,077. நாட்டின் மிகப் பத்திரமான கன்சர்வேட்டிவ் தொகுதிகளுள் ஒன்று ஒரே இரவில் கை மாறியது. அந்த ஜூலையில் ஆணையர் சர் கோர்டன் டவுனியின் அறிக்கை வெளிவந்து, ஹாமில்டன் பணம் பெற்றார் என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகக் கூறியது.

தொலைக்காட்சிப் புகழ் வாக்காக மாறியது என்பதை நான் மறைக்கவில்லை. அந்த வெள்ளை உடையை யாரும் முன்பே பார்த்திராவிட்டால் ஒரு மாத காலத்தில் இப்படி ஒரு வெற்றி நடந்திருக்காது. எனக்கு அதில் குறை இல்லை. வழக்கறிஞர் தம் வாதத் திறமையைக் கொண்டுவருகிறார், ஆசிரியர் தம் மாணவர்களின் நன்றியைக் கொண்டுவருகிறார், தொலைக்காட்சிக்காரர் தம் முகத்தைக் கொண்டுவருகிறார். ஐடிவி தொடங்கியபோது அதன் முதல் செய்தி வாசிப்பாளர்களில் ஒருவராக இருந்த கிறிஸ்டோஃபர் சாட்டவே 1959இல் உறுப்பினராகி, பின்னர் தபால் தொலைத்தொடர்பு அமைச்சராகவும் ஆனார். ராபின் டே அதே 1959இல் லிபரல் வேட்பாளராக நின்று தோற்று, மறுபடியும் கேள்வி கேட்கும் தொழிலுக்கே போய்ச் சேர்ந்து அதில் பெயர் பெற்றார். யார்க்‌ஷயர் தொலைக்காட்சியில் மாலைதோறும் தோன்றிய ஆஸ்டின் மிட்செல் 1977 இடைத்தேர்தலில் கிரிம்ஸ்பியில் வெறும் 520 வாக்கு வித்தியாசத்தில் வென்று, 2015 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த மீன்பிடித் துறைமுகத்தின் குரலாக இருந்தார். முன்பு பார்த்த தொழிலை ஒரு கறையாகப் பார்க்கும்படி நான் உங்களைக் கேட்கவில்லை.

பெல்லிடம் நான் மதித்தது வென்ற பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை. ஒரே ஒரு தவணைதான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வந்த சில மாதங்களிலேயே, அந்த நவம்பரில், ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குப் புகையிலை விளம்பரத் தடையிலிருந்து விலக்கு அளிக்க அரசு முற்பட்டதும், அப்பந்தயத்தின் தலைவர் பெர்னி எக்கில்ஸ்டன் தேர்தலுக்கு முன் தொழிற்கட்சிக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்திருந்ததும் வெளியே வந்தன. தமக்கு வழிவிட்ட அதே கட்சியின் பிரதமரைப் பார்த்து, தவறு நடந்ததாகத் தோன்றுவதே தவறுக்கு நிகரான கேட்டைச் செய்யாதா என்ற பொருளில் மக்களவையில் எழுந்து கேட்டவர் பெல். இங்கே நன்றிக்கடன் என்று ஒன்று இருந்தது; அதை அவர் கேள்வி கேட்காமலிருப்பதற்கு விலையாகக் கொடுக்கவில்லை. 2001இல் எங்களில் பலர் இன்னொரு முறை நில்லுங்கள் என்றோம். கொடுத்த வாக்கின்படி டாட்டனை விட்டுப் போய், எசெக்ஸின் பிரெண்ட்வுட் அண்ட் ஆங்கர் தொகுதியில் எரிக் பிக்கிள்ஸை எதிர்த்து நின்று 2,821 வாக்கில் தோற்றார். 2004 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் நின்றார், வெல்லவில்லை. அரசியல்வாதியாக அவர் பெரிய சாதனையாளர் என்று நான் சொல்லமாட்டேன். கட்சி இல்லாதவரால் சட்டம் எதையும் நகர்த்த முடியாது, நான்கு ஆண்டில் எங்கள் சாலைகளோ மருத்துவமனைகளோ அவரால் மாறிவிடவில்லை. யாரிடம் சம்பளம் வாங்குகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்ற குழப்பம் மட்டும் அந்த நான்கு ஆண்டும் எங்களுக்கு வந்ததே இல்லை.

இரண்டாமவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2001 முதல் 2017 வரை எங்கள் உறுப்பினர். நிதியமைச்சராக ஆறு ஆண்டுகள் இருந்தவர். 2017 மார்ச்சில், உறுப்பினர் பதவியை விடாமலே, லண்டனின் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழுக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. வில்ம்ஸ்லோ நிலையத்திலிருந்து லண்டனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்; காலையில் பத்திரிகை, மதியம் நாடாளுமன்றம், வெள்ளிக்கிழமை எங்கள் குறை கேட்கும் கூட்டம் என்று அட்டவணை போட்டுச் சிரித்துக்கொண்டோம். ஏற்கெனவே ஒரு முதலீட்டு நிறுவனத்தில் மாதம் நான்கு நாள் வேலைக்கு ஆண்டுக்கு 6,50,000 பவுண்டு பெற்று வந்தார் என்பதும் உறுப்பினர்களின் வெளி வருமானத்தைக் காட்டும் நாடாளுமன்றப் பதிவேட்டில் இருந்தது. அடுத்த மாதமே திடீர்த் தேர்தல் அறிவிக்கப்பட, அவர் போட்டியிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். ஆகவே அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படாமலே போயிற்று. அது அப்படியே கிடப்பில் போடப்பட்டதுதான் பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது என்பது என் எண்ணம்.

மூன்றாமவர் இன்றைய உறுப்பினர் எஸ்தர் மெக்வே. லிவர்பூலில் பிறந்தவர், பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சிகளிலும் பின்னர் ஜிஎம்டிவியின் காலை நிகழ்ச்சியிலும் தொகுப்பாளராக இருந்தவர். 2005இல் விர்ரல் வெஸ்டில் தோற்று, 2010இல் அதே தொகுதியில் வென்று, 2013இல் வேலைவாய்ப்புத் துறைக்கு இணை அமைச்சராகி, 2015இல் 417 வாக்கில் மீண்டும் தோற்றார். 2017இல் எங்கள் தொகுதிக்கு வந்தார். 2018இல் பணி மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சரானவர், அந்த நவம்பரில் பிரெக்ஸிட் ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று பதவி விலகினார். அவருடைய கருத்துகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தோல்விக்குப் பின் திரும்பி வந்து நிற்பதற்கும், கொள்கைக்காக அமைச்சர் நாற்காலியை விடுவதற்கும் வேண்டிய துணிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இதுவரை அவர் வாழ்க்கையும் சாட்டவே, மிட்செல் ஆகியோரின் வரிசையில்தான் அடங்கும்.

அதன் பிறகுதான் சிக்கல். உறுப்பினராக இருந்துகொண்டே, தம்மைப் போலவே கன்சர்வேட்டிவ் உறுப்பினரான கணவர் பிலிப் டேவிஸுடன் சேர்ந்து, ஜிபி நியூஸ் தொலைக்காட்சியில் அரசியல் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். 2023 மார்ச் 11ஆம் தேதி, சனிக்கிழமைக் காலை. நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் நான்கு நாளில் வரவுசெலவுத் திட்டத்தை அறிவிக்க இருக்கிறார். அவரை இருவரும் பேட்டி கண்டார்கள். கேட்ட இருவரும் ஆளுங்கட்சி, பதில் சொன்னவரும் ஆளுங்கட்சி. பேட்டியை ஒரு முறைக்கு இரு முறை பார்த்தேன். கேள்விகளில் கடுமை இல்லை என்று சொல்வது சரியாகாது. வரியைக் குறையுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தவே செய்தார்கள். ஆனால் அந்த வற்புறுத்தல் முழுவதும் ஒரே கட்சியின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவிடம் வைத்த கோரிக்கை. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர் எவரும் கேட்கக்கூடிய கேள்வி அதில் இடம்பெற வழியே இல்லை. அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியார், நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கேக்கறவங்களும் கட்சிக்காரங்க, சொல்றவரும் கட்சிக்காரர்னா, நடுவுல டிவி எதுக்கு மாப்பிள்ளை? ஃபோன்லயே பேசிக்கலாமே" என்றார். தமிழ்நாட்டில் எந்த அலைவரிசை எந்தக் கட்சியின் வீட்டிலிருந்து வருகிறது என்பது பால் ஊற்றுபவருக்கும் தெரியும். அதற்கேற்பக் கழித்துக்கொண்டே பார்ப்பார்கள். இந்நாட்டில் ஒளிபரப்பு நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், கழித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே இல்லை. ஏமாற்றம் வருவதற்கு வழியும் அதுதான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், அந்த நிகழ்ச்சி நடுநிலை விதிகளை மீறியது என்று முடிவு செய்தது. பொருளாதாரம் போன்ற பெரிய சர்ச்சையில் மாறுபட்ட கருத்துகளுக்குப் போதிய இடம் தரப்படவில்லை என்பது அதன் சாரம். நவம்பரில் மெக்வே மீண்டும் அமைச்சரவைக்குப் போனதால் நிகழ்ச்சியை விட வேண்டியதாயிற்று. அமைச்சருக்கு விதி இருக்கிறது. சாதாரண உறுப்பினருக்கு இல்லை. நான் இந்த மடலை உங்களுக்கு எழுதக் காரணம் இந்த இடைவெளிதான்.

இதை ஆஃப்காமிடம் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிப் பார்த்தாயிற்று. அதன் விதி 5.3, விதிவிலக்கான சூழலைத் தவிர, அரசியல்வாதி எவரும் செய்தி நிகழ்ச்சியில் செய்தி வாசிப்பவராகவோ பேட்டி காண்பவராகவோ செய்தியாளராகவோ பயன்படுத்தப்படக் கூடாது என்கிறது. இந்த விதி செய்தி நிகழ்ச்சிக்கு மட்டுமே பொருந்தும். எனவே வழக்கு முழுவதும், இது செய்தி நிகழ்ச்சியா, நடப்பு நிகழ்வுகள் பற்றிய நிகழ்ச்சியா என்ற வகைப் பிரிப்பிலேயே சிக்கிக்கொள்கிறது. அப்போது கன்சர்வேட்டிவ் உறுப்பினராக இருந்த ஜேக்கப் ரீஸ்-மோக் ஜிபி நியூஸில் நடத்திய இரு நிகழ்ச்சிகள் விதியை மீறின என்று ஆஃப்காம் எடுத்த முடிவுகளை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ரத்து செய்ததும் இந்த வகைப் பிரிப்பை வைத்தே. நீதிமன்றத்தின் வாசிப்பில் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. சட்டத்தின் சொல் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆஃப்காமுக்குப் பதில் சொல்ல வேண்டியது அலைவரிசை, உறுப்பினர் அல்லர். அபராதமானாலும் கண்டிப்பானாலும் நிறுவனத்தின் மேல் விழுகிறது. உறுப்பினராக இருப்பவர் தம் பதவிக்குப் பொருந்தாத வேலையைக் கூலிக்குச் செய்தாரா என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்க முடியாது. கேட்கக்கூடிய இடம் உங்கள் குழு ஒன்றுதான்.

வெளியே சம்பாதிப்பது புதிதல்ல என்று உங்கள் முன் வாதிடுவார்கள். உண்மைதான். சர்ச்சிலின் குடும்பம் அவர் எழுதிப் பெற்ற பணத்தில் வாழ்ந்தது. உறுப்பினர் பத்திரிகையில் கட்டுரை எழுதட்டும், விவாதத்தில் விருந்தினராக உட்காரட்டும், புத்தகம் போடட்டும். அங்கெல்லாம் அவர் பேசுவது தம் பெயரில், தம் கட்சியின் கருத்தாக. தொகுப்பாளரின் இடம் அப்படிப்பட்டதல்ல. யாரை அழைப்பது, எதை முதலில் கேட்பது, எப்போது குறுக்கிடுவது, எந்தப் பதிலை அப்படியே விட்டுவிடுவது, எந்த இடத்தில் விளம்பர இடைவேளை விடுவது என்பதெல்லாம் அந்த ஒருவர் கையில். பார்ப்பவன் அவரைத் தன் சார்பில் கேட்பவராக நம்பித்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறான். பெல் சரயேவோவிலிருந்து பேசியபோது நானும் அந்த நம்பிக்கையோடுதான் கேட்டேன். கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு வாக்களிக்கும் ஒருவர் அதே நம்பிக்கையை இரவல் வாங்கிக் கொள்ள முடியுமா?

இதை முன்னொரு காலத்தில் இந்நாட்டு உறுப்பினர்களே உணர்ந்திருந்தார்கள். பிரையன் வால்டன் 1977இல் வாரந்தோறும் ஒரு நீண்ட பேட்டி நிகழ்ச்சியை நடத்த அழைக்கப்பட்டபோது, பர்மிங்ஹாம் லேடிவுட் உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்; இடைத்தேர்தல் நடந்தது. 1986இல் அதே நிகழ்ச்சிக்கு அவருக்கு அடுத்து வந்த மேத்யூ பாரிஸும் வெஸ்ட் டெர்பிஷயர் பதவியை விட்டே வந்தார். அதனால் அவர் கட்சி அந்த இடைத்தேர்தலில் வெறும் 100 வாக்கில் தப்பிப் பிழைத்தது. அதே ஆண்டு ராபர்ட் கில்ராய்-சில்க் நோஸ்லி நார்த் பதவியைத் துறந்துதான் பிபிசியின் பகல் நேர விவாத நிகழ்ச்சிக்குப் போனார். இம்மூவரும் துறவிகள் அல்லர். நல்ல சம்பளத்துக்காகவும் போயிருக்கலாம், கட்சியில் மனம் கசந்தும் போயிருக்கலாம். என்றாலும் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்துதான் மற்றதில் உட்கார்ந்தார்கள்.

எனக்குச் சாதகமில்லாத உதாரணத்தையும் சொல்லியாக வேண்டும். மேலே பாராட்டிய ஆஸ்டின் மிட்செலே 1989இல், உறுப்பினராக இருந்துகொண்டு, அன்று ஆளுங்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான நார்மன் டெபிட்டுடன் சேர்ந்து ஸ்கை தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்த ஒப்புக்கொண்டார். அதற்காகத் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக் அவரை நிழல் அமைச்சர் பொறுப்பிலிருந்து நீக்கினார். அங்கே இருவரும் எதிரெதிர்க் கட்சியினர் என்பதால் ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்திருப்பார் என்று சமாதானம் சொல்லலாம். நான் அதைக் கூட ஏற்கத் தயங்குவேன். கின்னக் செய்தது கட்சிக்குள் நடந்த கட்டுப்பாடு. அவையின் விதி அப்போதும் வாய் திறக்கவில்லை.

நாட்டிங்ஹாம்ஷயரின் ஆஷ்ஃபீல்ட் தொகுதியைப் பாருங்கள், இந்த வேறுபாடு ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஜிஎம்டிவியின் அரசியல் செய்தியாளராக இருந்த குளோரியா டி பியரோ 2010இல் 192 வாக்கில் தொழிற்கட்சி உறுப்பினரானார். 2019இல் பதவியை விட்டார். அதன் பின்பே, 2021இல், ஜிபி நியூஸ் தொகுப்பாளராகச் சேர்ந்தார். ஒரு காலத்தில் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த லீ ஆண்டர்சன், கட்சி மாறி, அவருக்குப் பின் அதே தொகுதிக்கு உறுப்பினராகி, உறுப்பினராக இருந்துகொண்டே அதே அலைவரிசையில் ஆண்டுக்கு 1,00,000 பவுண்டுக்கு நிகழ்ச்சி நடத்தினார். அவர் அதைத் தொடங்கிய 2023இல் உறுப்பினரின் அடிப்படை ஆண்டுச் சம்பளம் 86,584 பவுண்டு. இரண்டாவது வேலை எது என்று கேட்டால் கணக்குப்படி நாடாளுமன்றம்தான். ஒரு கட்சியை மட்டும் குறிவைக்கிறேன் என்று எண்ண வேண்டாம்: தொழிற்கட்சியின் டேவிட் லாமியும் நிழல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோதே எல்பிசி வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். ரிஃபார்ம் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் 2024இல் கிளாக்டன் உறுப்பினரான பிறகும் ஜிபி நியூஸில் தோன்றிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பதிவேட்டில் வெளிப்படையாக இருக்கிறதே என்பது அடுத்த வாதம். பதிவேட்டை நான் படிக்கிறேன். என்னைப் போன்ற சிலர் படிப்போம். எவ்வளவு தொகை, எத்தனை மணி நேரம், யார் கொடுத்தது என்பதை அது சொல்கிறது. சனிக்கிழமைக் காலை தேநீரோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவரின் திரையில் அந்த வரி ஓடுவதில்லை. பணம் கொடுத்துக் கேள்வி கேட்கவைப்பதைத் தடுக்கத்தான் 1994க்குப் பின் இவ்வளவு விதிகளும் வந்தன. அன்று பணம் வாங்கிக்கொண்டு அவையில் கேள்வி கேட்டார்களா என்பது வழக்கு. இன்று பணம் வாங்கிக்கொண்டு திரையில் கேள்வி கேட்கிறார்கள்; கொடுப்பவரும் வாங்குபவரும் வெளிப்படையானவர்கள் என்பதால் இது ஊழல் ஆகாது, அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் கேள்வி என்பது வாக்காளருக்கு உரியது, அதை உறுப்பினர் வேறொரு முதலாளிக்காகக் கேட்கக் கூடாது என்று நினைத்தவர்கள் இந்தப் புதிய வகையை முன்கூட்டியே கண்டிருந்தால் வேறு என்ன எழுதியிருப்பார்கள்?

என் கோரிக்கை சிறியது. பதவியில் இருக்கும் உறுப்பினர், அரசியலோ அரசின் கொள்கையோ பேசப்படும் நிகழ்ச்சியை ஊதியம் பெற்றுத் தொடர்ந்து தொகுத்து வழங்குவது, உறுப்பினர் பதவியோடு பொருந்தாத வேலை என்று நடத்தை விதிகளில் சேர்க்கப்பட வேண்டும். விருந்தினராகப் பேசுவதையும், எழுதுவதையும், தோட்டக்கலையோ இசையோ பற்றி நிகழ்ச்சி நடத்துவதையும் இது தொட வேண்டியதில்லை. முன்பு தொலைக்காட்சியில் இருந்தவர் தேர்தலில் நிற்பதையும், பதவியை விட்ட பின் திரைக்குத் திரும்புவதையும் இது தடுக்கக் கூடாது. விதி வரும் வரை, இடைக்கால ஏற்பாடாக, தம் கட்சி அமைச்சரையோ தலைவரையோ உறுப்பினர் ஒருவர் ஊதியத்துக்குப் பேட்டி காண்பதையாவது தடுக்கும்படி ஆணையருக்கு வழிகாட்டுதல் தரலாம். உங்கள் குழுவில் உறுப்பினர்களுக்குச் சமமாக வெளியாட்களும் இருக்கிறார்கள். இதில் அவர்களுடைய குரலுக்கு நான் கூடுதல் எடை தருவேன், ஏனென்றால் தம் பிழைப்பைத் தாமே கத்தரிக்கும்படி உறுப்பினர்களை மட்டும் கேட்பது கொஞ்சம் கடினமான வேலை.

இம்மடலின் ஒரு படியை எங்கள் உறுப்பினர் எஸ்தர் மெக்வேக்கும் அனுப்பியிருக்கிறேன். அவரைப் பற்றி இதில் எழுதியதற்கு மறுப்போ விளக்கமோ அவர் தந்தால், அதைச் சுருக்காமல், இது வெளிவந்த இடத்திலேயே தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுவேன். உங்கள் குழுவின் பதிலையும் அவ்வாறே.

இங்ஙனம்,
டாட்டன் தொகுதி வாக்காளர் ஒருவர்,
வில்ம்ஸ்லோ, செஷயர்.